லாவெண்டர் வாசனை அடித்த வருஷம்

என் அக்கா வில்மா காஸ்பரெக் தன் அறுபத்திரண்டு வயதில் ஒரு ஃபுட்பால் ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் முப்பத்தொரு வருஷமாக செலென்கா கல்லூரி அணிக்குத் துணி துவைப்பவள் அவள்தான். சனிக்கிழமைகளில் மேலே ஆட்டம் நடக்கும். அவள் ஜனங்கள் உட்காரும் பலகை காலரிக்கு நேர் கீழே சலவை அறையில் வாளிகளோடு நிற்பாள். தலைக்கு மேல் மூவாயிரம் பேர் பலகையை மிதிக்கிற சத்தத்தை வைத்தே நம் ஆட்கள் முன்னே போகிறார்களா பின்னே போகிறார்களா என்று சொல்லிவிடுவாள். போன சீசன் முழுக்க, "மேல யாராவது இருக்கீங்களாடா, இல்ல வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்றுதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எர்வின், அவளுக்கு நாலு வயது இளையவன். உள்ளூர் ரேடியோவில் இருபத்தாறு வருஷமாக இந்த அணியின் ஆட்டங்களை வர்ணிக்கிறேன். வாய்தான் என் பிழைப்பு. பல சமயம் வினையும் அதுதான்.

அமெரிக்காவில், எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஃபுட்பால் என்றால் காலால் உதைத்துக்கொண்டு ஓடுவதில்லை. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு, எதிரே நிற்பவனை முட்டித் தள்ளி, அங்குலம் அங்குலமாக முன்னே போக வேண்டும். பந்து நம்மிடம் இருக்கும்போது இறங்குகிற பதினோரு பேர்தான் தாக்குதல் அணி. அவர்களில் பந்தை முதலில் வாங்கி, ஓடுகிறவனிடம் கொடுப்பவனும் தூரத்தில் நிற்பவனுக்கு எறிபவனும் குவாட்டர்பேக். அவன் கையில் பந்து நிற்காவிட்டால் மற்ற பத்துப் பேரும் வெறும் கூட்டம்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். சோளமும் பன்றியும் வளர்த்த வீட்டில் பிறந்தோம். சேற்றுத் துணி எங்கள் குலச்சொத்து. அக்கா இருபத்து நாலு வயதில் லெனர்ட் காஸ்பரெக்கைக் கட்டிக்கொண்டாள். லெனர்ட் தானியக் கிடங்கில் வேலை பார்த்த, வாரத்துக்கு இருபது வார்த்தை பேசுகிற நல்ல மனுஷர். கிடங்கில் வேலை குறைந்த வருஷம் கல்லூரியில் சலவைக்கு ஆள் கேட்டார்கள். அக்கா போனாள். போன முதல் நாள், அணியின் வெள்ளைக் கால்சட்டைகளைக் கொடியில் பார்த்துவிட்டு, "இது வெள்ளையா? பாத்திரம் கழுவின தண்ணி கலரு" என்று அங்கிருந்தவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

புல் கறைக்கு வினிகரும் பிரஷ்ஷும். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் துணியோடு கல்யாணம் பண்ணிக்கொள்ளும் என்பாள். சேற்றைக் காயவிட்டுத் தட்டி உதிர்த்த பிறகே தண்ணீர். இரண்டே சீசனில் எங்கள் ஆட்கள் மைதானத்தில் இறங்கினால் கண் கூசியது. எதிரணிச் சலவைக்காரர்கள் வந்து அவளிடம் பக்குவம் கேட்டுப் போனார்கள். ஊரில் முதல் பனி விழுந்தால், "வில்மா வெள்ளையா இருக்கு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கல்லூரித் தலைவர்கள் ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். அவர்கள் பேரில் ஊரில் ஒரு சொல்லும் கிடையாது. எங்கள் வீட்டுப் பெண் பேரில் ஒரு வெள்ளையே இருக்கிறது. இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

களத்தில் இறக்கப்படாமல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்த பையன்கள் சிலர், சுத்தமான கால்சட்டையைக் கொடுக்க வெட்கப்பட்டுத் தாங்களே முழங்காலில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். தேய்த்த மண் எது, விழுந்த மண் எது என்று அவளுக்கு ஒரே பார்வையில் தெரியும். ஒருத்தனிடமும் கேட்டதில்லை. அந்த மண்ணையும் மற்ற மண்ணைப் போலவே மரியாதையாகத் துவைத்துக் கொடுப்பாள்.

போன வருஷம் ஆகஸ்டில், கல்லூரியின் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு புது சலவை மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவர் தீவனக் கடை ஃபிரிட்ஸ் ஆல்பிரெக்ட். ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, அமர்க்களம். அந்த மெஷினில் சோப்புக்கு ஒரு குழி, சாஃப்டனருக்கு ஒரு குழி. துணியை மெத்தென்று ஆக்கி வாசனையும் கொடுக்கிற அந்த நீலத் திரவத்தை அக்கா அதுவரை வாங்கியதே இல்லை. ஆனால் முரட்டுத் துண்டால் கழுத்தில் தடிப்பு வருகிறது என்று பையன்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழியும் இருக்கிறது, ஃபிரிட்ஸ் ஒரு பெட்டி நிறைய லாவெண்டர் வாசனை சாஃப்டனரும் இனாமாகக் கொடுத்திருக்கிறார். சட்டை, கால்சட்டை, கையுறை, துண்டு எல்லாவற்றுக்கும் ஊற்றினாள். தடிப்பு போய்விட்டது. பையன்கள் துண்டை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார்கள்.

எங்கள் அணிக்குப் பெயர் கொக்குகள். அந்த சீசனில் எதிரணிக்காரர்கள் முட்டுவதற்குக் குனியும்போது, "எந்தக் கல்யாண வீட்டுலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். வாசனை பிரமாதம். ஆட்டம்தான் நாறியது. பத்து ஆட்டத்தில் ஒன்று ஜெயித்தோம். பந்து எங்கள் கையிலிருந்து முப்பத்தொரு முறை நழுவியது. அதற்கு முந்தைய வருஷம் மொத்தமே ஒன்பது.

குவாட்டர்பேக் வெஸ் ஹாலரன். மேற்கே மணல்மேட்டுப் பக்கம் மாட்டுப் பண்ணை வீட்டுப் பையன். கயிறு பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையிலிருந்துதான் பந்து வழுக்கியது. குளிர் என்றார்கள், புதுப் பந்து என்றார்கள், கடைசியில் எல்லோரும் வெஸ் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் நான். ஐந்தாவது ஆட்டத்தில், அவன் ஒரே மணி நேரத்தில் மூன்றாவது தடவை பந்தைக் கீழே விட்டபோது மைக்கில் சொன்னேன்: "கொக்கு தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கோம். நம்ம கொக்கு கையிலேயே வெண்ணெயைத் தடவிக்கிட்டு வந்து நிக்குதுங்க!"

ஊர் சிரித்தது. மறுநாள் முதல் அவன் பெயர் வெண்ணெய். காபிக் கடையில் அவன் கோப்பையை எடுத்தால், "ரெண்டு கையாலயும் பிடிப்பா" என்பார்கள். அவன் ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசவில்லை. எனக்கு அதுவும் அப்போது இளக்காரமாகத்தான் இருந்தது.

குளிர்காலம் முழுக்க ஊரில் ஒரே கேள்வி: அடுத்த சீசனில் தாக்குதல் தேறுமா? பதிலும் ஒன்றே: வெஸ் போனால் தேறும். கோச் பிரம்மரும் அந்த முடிவுக்கு வந்துவிட்டார். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, வசந்தப் பயிற்சி ஆட்டத்தன்று காலை, தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கே பான்கேக் விருந்து நடக்கும். அங்கே கோச் புது குவாட்டர்பேக் பெயரை வாசிக்கப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். வெஸ் படிப்பை முடிக்காமலே மே மாதம் பண்ணைக்குத் திரும்பப் போவதாகத் தன் அறையைக் காலி செய்ய எழுதிக் கொடுத்துவிட்டான்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, ஆட்டக்காரர்களின் எண்களைச் சரிபார்க்கச் சலவை அறைக்குப் போனேன். மேஜை ஓரத்தில் என் காபியை வைத்து, என் முழங்கையாலேயே தட்டிவிட்டேன்.

"டேய், கண்ணு எங்கடா இருக்கு?" என்று அக்கா அடுக்கிலிருந்து கைக்கு வந்த துண்டை எடுத்துப் போட்டுத் துடைத்தாள். குவாட்டர்பேக் இடுப்பில் செருகிக்கொள்கிற சின்னத் துண்டு அது. கை ஈரத்தைத் துடைக்க. காபி துண்டுக்குள் போகவில்லை. துண்டு தள்ளத் தள்ள முன்னால் ஓடி மேஜையிலிருந்து கீழே கொட்டியது.

அக்கா அப்படியே நின்றாள். இன்னொரு துண்டை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஒரு கையுறையை எடுத்துத் தடவினாள். பிறகு மெஷின் துடைக்க அலமாரியில் போட்டிருந்த, புது மெஷினைக் காணாத பழைய துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள். கொட்டிய காபியை அது ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டது.

அவள் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"மெழுகுடா," என்றாள். "துண்டு பூரா மெழுகு ஏத்தி வச்சிருக்கேன். கையைத் துடைக்கத் துடைக்க வழுக்கும்."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது அக்கா."

"ஆகஸ்டுலேர்ந்துடா. மொத ஆட்டத்துலேர்ந்து. அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் கையைத் துடைச்சுட்டுத்தான் பந்தை வாங்குவான்னு நீயே ரேடியோவுல சொன்னியே."

சொன்னது நான்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "இதப் பாரு அக்கா. இன்னியோட அதை ஊத்துறதை நிறுத்திடு. எல்லாத்தையும் அலசி எடுத்துடு. அடுத்த சீசன்ல பந்து தானா நிக்கும், கோச்சுக்கு நல்ல பேரு. உன் பேரும் அப்படியே இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

"வெஸ்?"

"அவன் கதை முடிஞ்சுபோச்சே."

"யாரு முடிச்சது? நீ மைக்ல முடிச்சே, நான் வாளியில முடிச்சேன்." துண்டை மேஜையில் போட்டாள். "முப்பத்தொரு வருஷமா வில்மா வெள்ளை, வில்மா வெள்ளைன்னு பேரு வாங்கிக்கிட்டேன்ல? அதே கையால இதையும் வாங்கிக்கிறேன்."

"ஊரே சிரிக்கும்."

"அவனைப் பாத்து ஒரு வருஷம் சிரிச்சுது. என்னைப் பாத்து ஒரு வாரம் சிரிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் சலவை அறையை விட்டு வரவில்லை. சலவை சோடா, சுடுதண்ணீர், வினிகர் என்று ஒவ்வொரு துண்டையும் நான்கு முறை அலசினாள். லெனர்ட் பக்கத்தில் நின்று பிழிந்து கொடுத்தார். கையுறைகள் தேறவில்லை, பழைய கையுறைப் பெட்டியைத் தேடி எடுத்தாள். வெஸ்ஸின் ஒரே ஒரு துண்டை மட்டும் அலசாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் நூற்றைம்பது பேர். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேஜைகள், பான்கேக், சாசேஜ், கசகசா வைத்துச் சுட்ட கோலாச்சி பன். விருந்து முடிந்ததும் கேள்வி நேரம். அதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. 1961-இல் லீகை ஜெயித்த பந்து மேஜை மேஜையாகப் போகும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு கேள்வி கேட்கலாம். கோச் அதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நடுவே யாரும் வாய் திறக்கக் கூடாது, ஃபிரிட்ஸ்கூட.

பந்து முதலில் எங்கள் மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த ஃபிரிட்ஸிடம்தான் போனது. "சுத்தி வளைக்க வேணாம் கோச். வர்ற சீசன்ல நம்ம தாக்குதல் தேறுமா, தேறாதா?"

கோச் பிரம்மர் தாடையைச் சொறிந்தார். "மாத்த வேண்டியதை மாத்தினா தேறும்."

எல்லாத் தலையும் வெஸ் பக்கம் திரும்பியது. அவன் வாசல் பக்க மேஜையில், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பந்து மேஜையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. முப்பத்தொரு வருஷமாக அக்கா அதை வாங்கினால் துடைத்து அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள். அன்று எழுந்து நின்றாள்.

"கோச், எனக்கு ஒரு ஜக்குத் தண்ணி கிடைக்குமா?"

சிரிப்பு. கோச்சும் சிரித்தார். "கேள்வி அவ்வளவுதானா வில்மாக்கா?"

"அவ்வளவுதான்."

தண்ணீர் வந்தது. பந்தை லெனர்டின் மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துக் காலி பான்கேக் தட்டுகளில் விரித்தாள். பழைய துண்டில் ஊற்றினாள்; குடித்தது. வெஸ்ஸின் துண்டில் ஊற்றினாள். தண்ணீர் உருண்டு, தட்டு வழிந்து, மேஜை வழிந்து, ஃபிரிட்ஸின் மடியில் இறங்கியது. அவர் குதித்து எழுந்தார்.

"இது போன சீசன்ல வெஸ் இடுப்புல இருந்த துண்டு," என்றாள் அக்கா. "புது மெஷின்ல சாஃப்டனர் ஊத்தித் துவைச்சேன். அது துணியில மெழுகு மாதிரி படியுது. கையுறையும் அப்படித்தான். அவன் கையில வெண்ணெய் இல்ல. தடவி விட்டது நான். எனக்குத் தெரியாம செஞ்சது, ஆனா செஞ்சது நான்தான். வேலையிலேர்ந்து நிறுத்தணும்னா நிறுத்திக்குங்க. அவனை நிறுத்தாதீங்க."

இத்தனை வருஷத்தில் பொது இடத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. பெருமையா, பயமா, என்ன என்று தெரியாமல் என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

கோச் எழுந்து வந்தார். துண்டைத் தொட்டுப் பார்த்தார். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். "ஒரு துண்டு மட்டும் ஒன்பது ஆட்டத்தைத் தோக்க வைக்காது வில்மாக்கா. முன்வரிசையும் மோசம். நானும் கூமுட்டைத்தனமா நிறையச் செஞ்சேன்."

"எனக்கு ஆட்டம் தெரியாது கோச். துண்டு தெரியும்."

நனைந்த கால்சட்டையோடு நின்றிருந்த ஃபிரிட்ஸ் வழக்கத்தை மீறினார். "அப்ப, அந்தப் பெட்டியை நான்தானேய்யா குடுத்தேன்!" என்று தலையில் கைவைத்தார். அதற்குத்தான் கூடம் சிரித்தது. அக்காவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சொன்ன ஒரு வாரச் சிரிப்பும் வரவேயில்லை. பதிலாக, மறுவாரம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் தங்கள் வீட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு, "இது தேறுமா பாரு வில்மா" என்று சலவை அறை வாசலில் நின்றார்கள்.

கோச் அன்று பெயர் எதையும் வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மத்தியானம் ஆட்டத்துல ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி நேரம். துண்டு நல்லது. கையைப் பாப்போம்" என்றார். வெஸ் அன்று ஒரு தடவைகூடப் பந்தை விடவில்லை. திங்கட்கிழமை போய் அறைக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். நானும் திங்கட்கிழமை காலை மைக் முன்னால் உட்கார்ந்து, வெண்ணெய் என்று நான் வைத்த பெயரை நானே எடுத்துக்கொள்கிறேன், இனி அது எனக்குத்தான் பொருந்தும் என்று சொன்னேன். அதன் பிறகு காபிக் கடையில் என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். தகும்.

செப்டம்பரில் முதல் ஆட்டம். மூன்றாவது தடவை பந்தை வாங்கியதுமே வெஸ் கீழே விட்டான். எதிரணி அள்ளிக்கொண்டு போய்விட்டது. மூவாயிரம் பேரும் மூச்சை இழுத்தார்கள். என் வாய் மைக் முன்னால் திறந்தது. ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் விட்டதும் இல்லை, நின்றதும் இல்லை. முப்பத்தொன்றுக்குப் பதிமூன்று என்று ஜெயித்தோம். பலகை மிதித்த மிதியில் என் காபிக் கோப்பை மேஜையில் நடந்தது.

ஆட்டம் முடிந்ததும், வில்மாவின் குரலை நேயர்கள் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்று பதிவுக் கருவியோடு கீழே இறங்கினேன். எனக்கு முன்னால் வெஸ் அங்கே நின்றுகொண்டிருந்தான். மார்பு, முழங்கால் எல்லாம் மண். மேலே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மிசஸ் காஸ்பரெக், ஆரம்பத்துல ஒண்ணு விட்டேன்ல, உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கும். அது என் தப்பு. கண்ணு வேற எங்கேயோ போயிருச்சு. துண்டு நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க உங்க மேல போட்டுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

அக்கா அவன் இடுப்பிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டாள். "சரிப்பா. வேற கால்சட்டை மாத்திக்கிட்டு இதைப் போட்டுட்டுச் சீக்கிரம் மேல போ. புல் கறை காஞ்சா போகாது."

அவன் போனான். அக்கா குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழிவதையும் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தத்துல எத்தனை விட்டான்டா?"

"அந்த ஒண்ணுதான்."

"ஒண்ணே ஒண்ணு. அதையும் தன் தப்புன்னு சொல்ல இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கான் பாரு," என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை நான் பதிவு செய்யவில்லை. கருவியை மூடியே வைத்திருந்தேன்.